முறைப்பாட்டு மேசை

முதலில் காது என்றுதான் நினைத்தேன்.
இடக்காதுக்குள் யாரோ
நனைந்த தீக்குச்சியைத் திரும்பத் திரும்ப உரசுவதுபோல.
காது டொக்டர் லைற் அடித்துப் பார்த்து
"காது சுத்தமாக் கிடக்கு பிள்ளை" என்றார்.
பிறகு கழுத்து. பிறகு பிரஷர்.
பனடோல், சித்தாலேப,
இணுவில் பரியாரியின் கறுத்த எண்ணெய்.
கடைசியில் ஒரு செவ்வாய் மதியம்
மரவள்ளிக்கிழங்கு, அதுவும் குழைய அவித்தது,
என் கடைவாய்ப் பல்லைப் பிளந்தது.

சுன்னாகத்துப் பல் டொக்டர் சின்னப் பெடியன்.
"இது கிழங்கு உடைச்ச பல்லில்லை அன்ரி.
இரவிலை பல்லு நெருமுறனீங்களோ?"
"இல்லையே."
"ஏதும் யோசினை?"
"சீச்சீ, ஒண்டுமில்லை."

பிரதேச சபையில் என் மேசைக்கு
முறைப்பாட்டு மேசை என்று பெயர்.
வாய்க்கால் அடைப்பு, எரியாத தெருவிளக்கு,
வேலியை ஒரு முழம் தள்ளிப்போட்ட பக்கத்து வளவுக்காரன்.
பத்தொன்பது வருஷம்.
அடித்துக் கத்தினவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு.
எல்லாவற்றுக்கும் திகதியிட்டு
'பெறப்பட்டது' என்று முத்திரை குத்துவேன்.
எனக்கென்று ஒரு படிவம் எடுத்ததில்லை.

மகள் யதுசா போனில் பதிந்து வைத்திருந்தாள்.
இரவு இரண்டு நாற்பது.
மின்விசிறி. தூரத்தில் ஒரு நாய்.
பிறகு அது.
"என்னம்மா, இருட்டுக்குள்ளை ஒடியல் சப்புறியளோ?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
ஒரு நிமிடமும் பதினாறு விநாடியும்
என் வாய், என்னைக் கேட்காமல்,
எதையோ அரைத்துக்கொண்டிருந்தது.

எதை என்று எனக்குத் தெரியும்.
நொத்தாரிசின் கந்தோர், மை கசிகிற பேனை.
இரண்டு பரப்பு, கிணற்றில் பாதிப் பங்கு,
வழி வாய்க்கால் பாத்தியதை.
அம்மா என் பேரில் எழுதினது.
அண்ணாவின் ஏஜென்சிக்காரன் வாசலில் நின்றான்.
"உனக்கென்ன, கவுண்மேந்து உத்தியோகம்" என்றார்கள்.
"பரவாயில்லை" என்றேன்.
ஆறெழுத்து.
அன்றுமுதல் செபிப்பது அதைத்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்கள்.
இருந்தேன்.
பல்லிடம் யாரும் கேட்கவில்லை.

அளவெடுக்க வாய்நிறையப் பசையை அப்பி
"கதைக்காமல் இருங்கோ" என்றான் டொக்டர்.
அது எனக்குக் கைவந்த வேலை.
அடுத்த கிழமை மேசைமேல்
சாந்தில் வார்த்த என் பற்கள்,
நாக்கில்லாமல், திறந்தபடி,
கொத்தாமல் விட்ட அம்மிபோல வழுவழுத்து.
முதன்முறையாக என் வாயை
வெளியே நின்று பார்த்தேன்.
"என்ன முறைப்பாடு எண்டு இதிலை எழுதுங்கோ அன்ரி."
அட்டையில் ஒரு கோடு வெறுமையாய் இருந்தது.
'பல் நோ' என்று எழுதினேன்.

ஞாயிறு அண்ணா எடுத்தார்.
"எங்கடை காணியிலை மாடி கட்டுறானாமே, கண்டனியோ?"
தினமும் அந்த வழியாகத்தான் பஸ் போகிறது.
"இப்ப என்ன விலை போகும்!
அவசரப்பட்டிட்டம் போல, என்ன?"
சிரித்தார்.
ஆறெழுத்து வரவேண்டிய இடம்.
தாடை 'டிக்' என்றது.
காத்திருந்தேன். வரவில்லை.

"லைன் கட்டாப் போச்சோ?"
"இல்லை அண்ணா, கேக்குது.
நான் அண்டைக்கு விருப்பத்தோடை கையெழுத்து வைக்கேல்லை."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் இரைந்தது.
"பிறகு எடுக்கிறன்" என்றார்.
கை நடுங்கியது. தேத்தண்ணி போட்டேன்.
சீனி போட மறந்து, அப்படியே குடித்தேன்.

அன்றிரவும் அரைத்தேன்தான்.
யதுசா கணக்குப் பார்த்துச் சொன்னாள்:
நாற்பத்தொரு விநாடி.
காலையில் பற்கவசத்தைக் கழுவி
ஜன்னலில் காயவைத்தேன்.
இடப்பக்கம் புதிதாய் ஒரு சின்னப் பள்ளம்.
அதை எட்டிப் பார்த்துவிட்டு
ஒரு எறும்பு
சுற்றிக்கொண்டு போனது.