கடைவாய்ப் பல்

பதினான்கு மாதம் அலமாரிக்கு மேலேயே இருந்தது.
பெட்டி மூடியில் அதன் வாய் திறந்திருந்தபடியால்
சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

என் சிப்பாய்கள் எல்லாம் தீப்பெட்டி உயரம்.
முகத்துக்கு மூன்று பொட்டும் ஒரு கோடும் போதும்,
பிழைத்தால் தலைக்கவசத்தின் நிழல் என்று சமாளிக்கலாம்.
இது மேசை நடுவில் நிற்கப்போவது.
அறுபத்தொரு துண்டு.
இறக்கை விரித்தால் வாழையிலை அகலம்.
வாங்கிய காசுக்கு
ஹட்டனில் ஒரு மாதம் அறை வாடகை கட்டியிருக்கலாம்.
அம்மாவிடம் சொன்ன விலை வேறு.

ப்ரைமர் அடிக்கக் காய்ந்த காற்று வேண்டும்.
கொட்டகலையில் காய்ந்த காற்றை யார் விற்கிறார்கள்?
போன வருஷம் குதிரைப்படைக்கு அடித்தபோது
பனிமூட்டம் ஜன்னலால் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது.
பதினொரு குதிரையும் ரொட்டி மாவில் புரண்ட மாதிரி.
ஆகவே காத்திருந்தேன்.
பெப்ரவரியில் ஒரு போயா தினம், பகல் பதினொன்றரை,
கொடியில் போட்ட சாரி அரை மணியில் காய்ந்த நாள்,
குடையை விரித்துக் காற்றை மறித்துக்கொண்டு
கறுப்பு அடித்தேன்.
கறுத்ததும் அது இன்னும் பெரிதாயிற்று.

‘சும்மா தொடங்கு, பிழைச்சா கழுவு’ என்கிறான் ஃபஸ்லான்.
அவனுடைய வில்லாளிகள் மூன்று வருஷமாக
வெறும் சாம்பல் பிளாஸ்டிக்.

இறக்கையில் தொடங்கச் சொல்வார்கள்,
பெரிய இடம், கை பழகும் என்று.
நான் பல்லில் தொடங்கினேன்.
பகலெல்லாம் பார்ப்பது அதைத்தானே,
டொக்டர் பக்கத்தில் லைட்டைப் பிடித்தபடி
ஒரு நாளைக்கு இருபத்தைந்து வாய்.
வெள்ளைப் பல் என்று ஒன்று கிடையாது.
ஈறோரம் மஞ்சள், நடுவில் எலும்பு,
நுனியில் கண்ணாடி போல ஒரு நீலச் சாம்பல்.
வெற்றிலைக்காரருக்கு இடுக்கெல்லாம் செம்பு.
ப்ளேன்டீக்காரருக்கு, அதாவது எல்லோருக்கும்,
உள்பக்கம் ஒரு பழுப்பு.
இந்த மிருகம் என்ன குடிக்கும்?
பழுப்பே வைத்தேன்.
கடைவாயில் ஒன்றைச் சொத்தையாக்கினேன்,
குண்டூசி முனையால் ஒரு கறுப்புப் புள்ளி.
அப்போதுதான் பயம் கொஞ்சம் இறங்கியது.
கத்துகிறவன் மட்டுமா வாயைத் திறக்கிறான்,
வலிக்கிறவனும் அப்படித்தான் திறப்பான்.

பிறகு ஏழு வாரம்.
செதில் செதிலாக,
போத்தல் மூடிகளில் நிறம் கலக்கி,
பிரஷ் நுனியை நாக்கில் கூராக்கி.
கூடாத பழக்கம்;
இரவுச் சோறு கூடச் சிவப்பாய் ருசித்தது.
கண்ணுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நொடி
கீழே ஒரு லொறி பிரேக் போட்டது.
இடக்கண் மேலே போய்விட்டது.
மூன்று தடவை திருத்தினேன், மூன்று தடவையும் கூரையைப் பார்த்தது.
பார்க்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை,
ஹார்ட்வெயார் கடைக்கு மேலே நிரோஜனின் டியூஷன் அறை,
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட சமன்பாடு.
பேக்கரி கேக் பெட்டியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தேன்.
சமீர உருட்டவிருந்த பகடையைக் கீழே வைத்தான்.
யாரும் தொடவில்லை.
நிரோஜன் மட்டும் டோர்ச் அடித்து உள்ளே பார்த்து,
‘இதுக்குமா சொத்தப்பல்லு?’

இரண்டாவது சுற்றில்
ஃபஸ்லானின் பூசாத வில்லாளிகள் வரிசையாய் ஆறு போட்டார்கள்.
ஒரு அடி எடுத்து வைக்கமுன்
என் ஏழு வாரம் செத்துப்போனது.
செத்ததை எடுத்துவிட வேண்டும், அதுதான் விதி.
நான் கை நீட்ட, அவனே தடுத்தான்.
‘இருக்கட்டும். மலைன்னு வச்சுக்குவோம்.’
அதன் பிறகு மாலை மட்டும்
இரண்டு பக்கப் படைகளும் அதைச் சுற்றித்தான் போயின.
இறக்கைக்கு அடியில் ஒளிந்தவர்களை
அம்பு தொடவில்லை.

கொட்டகலை பஸ்ஸில் மடியில் கேக் பெட்டி.
‘யாருக்குப் பொறந்தநாளு?’ என்றான் கண்டக்டர்.
தலையாட்டினேன்.
‘வயசு எத்தன?’
‘ஏழு வாரம்.’
மிச்சக் காசைத் தந்துவிட்டு
பெட்டியை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டே
பின்னால் போனான்.