ஆறரைக்கு மூன்று நிமிடம்

லில்யேஹோல்ம் பாலத்துக்கு இப்பால்
ஓரங்கட்டி நிற்கின்றன பதினோரு வண்டிகள்.
என்னுடையது ஏழாவது.
மணி ஆறு இருபத்தேழு.
ஆறரை ஆனால் பாலம் இலவசம்.
வெளியே மைனஸ் ஒன்பது,
எஞ்சினை அணைக்க யாருக்கும் மனமில்லை.
பத்துக் குரோனரை மிச்சம் பிடிக்கப்
பெட்ரோலைப் புகையாக்கிக் கொண்டிருக்கிறோம்,
கணக்கில் புலிகள் நாங்கள்.

முன்னால் ஓஸ்மோ, குழாய் ரிப்பேர்க்காரன்.
கண்ணாடியை இறக்கிக் கத்துகிறான்:
"கக்கூஸ் குழாய் மணி பார்த்தா வெடிக்குது?
சரியாகக் காலை எட்டுக்கு வெடிக்கும்,
இருபது குரோனர் நேரத்தில்!"
அவன் சொல்வதில் தப்பில்லை.
அந்த இருபதை எந்த பில்லில் எழுதினாலும்
வாடிக்கையாளர் அடித்துவிடுகிறார்.

என் பெயர் குன்வோர்.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது தொழில்.
டிக்கியில் ஒரு பெட்டி:
திருகுச் சாவி, கம்பளித் துண்டுகள், கம்பிச் சுருள்.
ஒரு கையால் தூக்கிவிடலாம்.
அதைச் சுமக்க
ஒன்றரை டன் இரும்பை ஊருக்குள் ஓட்டிப் போகிறேன்.
தெரு எனக்குச் சும்மா கிடைத்தது,
மழை மாதிரி.
ஜனவரியில் பாலத்தின் மேல் காமிரா வைத்தார்கள்.
அது என் முகத்தைக் கேட்கவில்லை,
நம்பரை மட்டும் கேட்டது.
ஏழு மாதம் சோதனை, பிறகு ஓட்டு, என்றார்கள்.
பெட்டிக்கடையில் பணம் கட்டும்போது
கடைக்காரப் பையன் காதுபடத் திட்டினேன்.

மார்ச்சில் ஹோர்ன்ஸ்காத்தன் தெரு,
பல் டாக்டர் ஸிக்ஸ்டன் வீடு, இரண்டாம் மாடி.
ஆணி டயர்கள் தாரைச் சுரண்டும் தெரு அது.
ஜன்னல் விளிம்பில் விரல் வைத்தால்
ஓட்டுப் போட்ட மை.
ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி.
ஒன்று இம்மி பிசகினாலும்
ஒலிக்குள்ளே ஓர் அலை எழும்பும்,
வவ்... வவ்... வவ்...
அது அடங்கும்வரை திருக வேண்டும்.
இருபது வருடமாக அந்த வீட்டில்
அலை அடங்கியதை நான் கேட்டதில்லை,
உத்தேசமாக முடித்துக் கூலி வாங்கியிருக்கிறேன்.
அன்று கேட்டது.
கம்பி மூன்றும் ஒன்றாகி
அசையாமல் நின்றது ஒலி.
"ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றார் ஸிக்ஸ்டன்.
அது திறந்திருந்ததே எனக்குத் தெரியாது.

மாடிப்படி துடைத்துக் கொண்டிருந்தாள் அல்மாஸ்.
ஷேர்ஹோல்மனிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
இப்போதெல்லாம் பதினோரு நிமிடம் முன்னாலேயே
வந்துவிடுகிறதாம் பஸ்.
"அந்த நேரத்தில் என்ன செய்வாய்?"
"ஒன்றும் செய்யமாட்டேன்," என்றாள்,
யாரோ பரிசு கொடுத்ததைப் போல.
பரிசு இல்லை, அல்மாஸ்.
அது உன்னுடையது.
இத்தனை வருடம் அது
என் டிக்கியில் இருந்திருக்கிறது,
திருகுச் சாவிக்கும் கம்பளித் துண்டுக்கும் இடையில்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
துடைத்த படிகளில் ஓரமாக மிதித்து இறங்கினேன்.

ஆகஸ்டில் காமிராக்கள் தூங்கின.
பாலத்தில் மறுபடி நாங்கள், பம்பரோடு பம்பர்.
பத்துக் குரோனர் மிச்சம்.
ஸிக்ஸ்டன் வீட்டில் அலை திரும்பியிருந்தது.
கம்பியா தெருவா என்று பிரிக்க முடியாமல்
மூன்று முறை அவிழ்த்து முறுக்கினேன்.

செப்டம்பரில் ஓட்டு.
என் சீட்டில் என்ன இருந்தது என்று
ஓஸ்மோவிடம் இன்றுவரை சொல்லவில்லை.
நூலிழையில் ஜெயித்தது வரி.

அடுத்த ஆகஸ்டு. காமிரா விழித்துவிட்டது.
மணி ஆறு இருபத்தேழு.
ஆமாம், அதே ஓரத்தில்தான் நிற்கிறேன்,
ஐந்தாவது வண்டி.
ஓட்டு வேறு, பத்துக் குரோனர் வேறு.
எஞ்சினை மட்டும் அணைத்திருக்கிறேன்.
ஆகஸ்டில் அது பெரிய தியாகமில்லை.