ஏழு புள்ளி நாலு

லிந்துலை. கொழுந்து மடுவம்.
தராசை ஓரம் தள்ளி
என் சிறு கருவியை வைத்தேன்.

விரல் நீட்டினாள் ஜெயபாக்கியம்.
சாயக்கறை ஏறித் தடித்த தோல்;
மூன்றாம் குத்தில்தான் துளிர்த்தது ரத்தம்.
"இதிலயும் ரெண்டு கிலோ கழிப்பீங்களா மிஸ்?"
வரிசை முழுக்கச் சிரித்தது.

ஏழு புள்ளி நாலு.
எழுதிக்கொண்டேன்.

எந்த விண்மீனோ வெந்து வெடித்துச்
சிதறிய இரும்பு
எத்தனையோ கோடி ஆண்டு கடந்து
இந்த மலை வரைக்கும் வந்துவிட்டது:
ரோடு வெட்டிய சரிவில் செக்கச்செவேலென்று,
அவள் செருப்படியில் அப்பிக்கொண்டு.
உடம்புக்குள் ஏறத்தான் வழியில்லை.

மாத்திரை அட்டையை நீட்டினேன்.
"போட்டுட்டு ஒரு மணித்தியாலம்
தேத்தண்ணி குடிக்கக் கூடாது."

"ஏன், அது இரும்பத் தின்னுமா?"

தலையசைத்தேன்.
வெளியே
கண்ணெட்டும் தூரம்வரை தேயிலை,
மழைக்குத் தளதளத்துக்கொண்டு.