எழுத்துள்ள பக்கம்

பிரிந்தபோது கார் யோர்டிஸுக்கு,
கருவிகள் எனக்கு.
சமையலறை மேசையில், ஒரு காப்பி ஆறுவதற்குள்
பேசி முடித்துக்கொண்டோம்.
அறுபத்தாறாம் வருட வால்வோ அமேசான்,
சாம்பல் கலந்த பச்சை.
என் ஸ்பேனர் பெட்டி இல்லாமல்
அதில் ஒரு நட்டும் அசையாது.
ஆகவே வியாழன்தோறும் வருகிறேன்.

பூர்ட்ரெஸ்க்கில் ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
உருளைக்கிழங்குக் கிடங்குதான் பட்டறை.
டீசல் ஹீட்டர் ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் சுடும்.

என்ஜின் கிடைத்தது ஒரு எல்க் மானால்.
தொண்ணூற்று நான்காம் வருட டர்போ ஒன்றின் முன்னால்
நவம்பர் இருட்டில் வந்து நின்றது.
வண்டி தப்பவில்லை. மானும்தான்.
ரேடியேட்டர் இடுக்கில் இன்னும் கொஞ்சம் மயிர்;
யோர்டிஸ் அதைப் பிடுங்கவில்லை.
"விற்றவருக்கு மரியாதை" என்றாள்.

பழைய உடம்பு லேசில் இடம் கொடுக்கவில்லை.
ஆயில் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டியது;
வெட்டி, வேறு வடிவில் பற்றவைத்தாள்.
பகலெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்,
பற்றவைப்பில் என்னைவிட நேர்த்தி.
இதை நான் அவளிடம் சொன்னதில்லை.
சக்கரத்துக்குப் போகும் தண்டை
நான்கு சென்டிமீட்டர் குறைத்தோம்.
விட்ட மூச்சைக் கொண்டே
அடுத்த மூச்சை இழுக்கும் அந்த இரும்பு நத்தைக்கு
விளக்கின் பின்னால் ஒரு மூலை கிடைத்தது.

கிளட்ச் புதியது. தட்டு, மூடி, பேரிங்.
பெடலும் கம்பியும் பழையவை.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி என்ஜின் பேசியது.
ஆனால் பெடலைத் தரைவரை மிதித்தும்
கிளட்ச் விடுவதாயில்லை.
முதல் கியர் கறகறவென்று கத்தியது.
கியரில் வைத்தே சாவியைத் திருப்பினால்
வண்டி ஒரு தாவு தாவி வேலைமேசையை இடித்தது.

"கம்பியை நீ சரியாக இழுக்கவில்லை" என்றேன்.
பதினொரு வருடம் எந்தக் குரலில் பேசினேனோ
அதே குரல்.
அவள் பதில் சொல்லாமல் குழிக்குள் இறங்கினாள்.
மூன்று வியாழன்.
கம்பியை அரை அரைச் சுற்றாக
இறுக்கி, தளர்த்தி, இறுக்கி.

நான்காவது வியாழன் எல்லாவற்றையும் இறக்கினோம்.
தட்டு திருப்பி மாட்டப்பட்டிருந்தது.
'கியர்பாக்ஸ் பக்கம்' என்று ஜெர்மனில் அச்சிட்ட எழுத்து
ஃப்ளைவீலைப் பார்த்து நின்றது,
வகுப்பில் சுவர் பார்த்து நிறுத்தப்பட்ட பிள்ளைபோல.
எழுத்தின்மேல் கிரீஸில் ஒரு கட்டைவிரல் ரேகை,
குறுக்கே வெட்டுத் தழும்போடு.
அந்தத் தழும்பு
இந்தக் கிடங்கில் ஒருவருக்குத்தான் உண்டு.

துணி என் கையிலேயே இருந்தது.
துடைக்க ஒரு நொடி போதும்.
ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.
தட்டை விளக்கின் கீழே வைத்துவிட்டு
காப்பி போடுவதாகச் சொல்லி வெளியே போனேன்.
அவ்வளவு தைரியம்தான் என்னிடம் இருந்தது.

திரும்பி வந்தபோது தட்டு துடைத்திருந்தது.
எழுத்துள்ள பக்கம் தன்னைப் பார்க்க
மாட்டிக்கொண்டிருந்தாள்.
"போல்ட்டைக் கொடு" என்றாள்.
"இந்த முறை நான் சொல்லும் வரிசையில் இறுக்கு."

மார்ச் கடைசியில், ஏரியோரச் சாலை.
பெடலை மிதித்தாள்.
உள்ளே இரண்டும் சத்தமில்லாமல் விலகின.
முதல் கியர் விழுந்ததே தெரியவில்லை.
மூன்றாவதில், ஊசி மூவாயிரத்தைத் தாண்டியதும்
நத்தை விசிலடித்தது;
அறுபத்தாறாம் வருடத்து இருக்கை முதுகில் அறைந்தது.
"அது என் கட்டைவிரல்" என்றேன்.
"தெரியும்" என்று கத்தினாள், சாலையைப் பார்த்தபடி.

சந்திப்பில் கோட்டைத் தாண்டி
அரை வண்டி போய்த்தான் நின்றது.
"பிரேக் இன்னும் பழசு" என்றாள்.
நான் விரல்களால்
வியாழன்களை எண்ணத் தொடங்கினேன்.