பூஜ்யம் பூஜ்யம் மூன்று

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
நெல் ஏற்றிய கூட்ஸுக்கு இன்ஜின் மாற்றுகிறார்கள்,
முக்கால் மணி நேரமாவது ஆகும்.
ஸ்கூட்டி சீட்டில் தாளை விரிக்கிறேன்:
கொள்முதல் நிலையத்து ரசீது.
முன்பக்கம் ஈரப்பதம் பதினேழு, மூட்டை நாற்பத்திரண்டு.
பின்பக்கம் நான்கு கோடு,
கோடுகளின் மேல் எண்கள்.

மூன்று வாரமாய்த் தலைகீழாக வாசித்திருக்கிறேன்.
தாளில் அடிக்கோடுதான் தடித்த கம்பி;
மடியிலோ அது மேலே, மோவாய்க்குப் பக்கத்தில்.
"புயல் கரை கடக்குற மாதிரி இருக்கு,
நிறுத்தாதே கலைமதி" என்று
டிரம் அடித்தபடியே சொன்ன தாவூத்தை
என்ன செய்யலாம்?

நேற்றுத் திருத்திக்கொண்டேன்.
பூஜ்யம் பூஜ்யம் மூன்று, பூஜ்யம் ஐந்து.
பூஜ்யம் என்றால் விரலை எடு, கம்பியை விடு.
அது பிடிபட்டுவிட்டது.
எங்கே அழுத்த என்று எண் சொல்கிறது,
எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை.
ஈரப்பதக் கருவியும் இப்படித்தான்.
பத்தொன்பது என்று காட்டும்;
இன்னும் எத்தனை வெயில் வேண்டுமென்று
களத்தில் நிற்கிறவரிடம்
நான்தான் சொல்ல வேண்டும்,
தார்ப்பாய் மேல் தூறல் விழ விழ.

கூட்ஸ் நகர்கிறது.
தட் தட்,
கொஞ்சம் இடம் விட்டு,
தட் தட்.
ஹேண்டில்பாரில் விரல்கள் தாமாகப் போகின்றன,
நகக்கண்ணில் நெல்சுணை.
எண்ணிக்கொண்டே வந்தவள்
முப்பத்தோராவது வேகனில் தவறவிட்டேன்.

கேட் திறக்கிறது.
பின்னால் மன்னார்குடி பஸ் ஹாரன் அடிக்கிறது,
தாளத்தில் இல்லை.