பார்டர்

ரிப்போர்ட்டில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில்
நட்சத்திரம் போட்டிருந்தது.
"பார்டர்ல இருக்கு, மாத்திரை வேணாம்,
மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்"
என்றாள் லேப் ஜெசிந்தா.

பார்டரா?
ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தாண்டுகிறேன்,
வாயில் விசிலும் கையில் டிக்கெட்டுமாய்.
பெண்ணையாற்றுப் பாலம் இறங்கியதும்
ஆல்பேட்டையில் போலீஸ் ஏறிப்
பைகளை அமுக்கிப் பார்ப்பார்.
பாட்டில் தட்டுப்பட்டால்
ஆளோடு இறக்கிவிடுவார்.

இந்த பார்டரில் செக்போஸ்ட் இல்லை.
எந்த ட்ரிப்பில், எத்தனையாவது டீயில்
இவ்வளவு கிட்ட வந்தேனோ.
நார்மல் என்று அச்சடித்திருந்த
மற்ற பதினாலு வரியை
நான் படிக்கவே இல்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டில்
டிரைவர் கலியபெருமாள்
வழக்கம்போல் கிளாஸை நீட்டினார்.
"சர்க்கரை இல்லாம" என்றேன்.
"என்னய்யா ஆச்சு?"
"ஒண்ணும் ஆகலை.
அதான்."