கடைசியாக நன்றாக இருந்த நேரம்

எலிக்கு என்றால் எனக்குத் தெரியும்.
ஒன்பது மணி, நான்கு நிமிடம், பதினோரு நொடி.
சிலிக்கான் முனை வைத்த நைலான் இழையைக்
கழுத்துத் தமனிக்குள் விட்டு
பதினெட்டு மில்லிமீட்டர் ஏற்றி
மூளையின் நடு ஆற்றை மறித்தது
என் வலதுகைதான்.
ஒரு மணி நேரம் கழித்து உருவினேன்.
ரத்தம் திரும்பி வந்தது.
திரும்பி வரும் ரத்தம்தான் கரையை உடைக்கும்.
இதை வெளியே சொன்னால்
யாரும் நம்புவதில்லை.

குழாய்ச் சுவரின் உயிரணுக்கள்
ஒன்றோடொன்று விரல் கோத்து நிற்பவை.
பட்டினியில் பிடி தளரும்.
வாலில் நீலச் சாயம் ஏற்றி
மறுநாள் மூளையை அரிந்தால்
கசிந்த இடமெல்லாம் நீலம்.
நீலம் படியாத ஒரு துண்டுக்காக
நான்கு வருடம்
தோஹாவின் இந்த அடித்தளத்தில்.
வெளியே ஐம்பது பாகை எரியும்போது
நான் ஸ்வெட்டர் போட்டிருப்பேன்.

இன்று அந்த மருந்து குப்பியில் இருக்கிறது.
அல்லது உப்புத்தண்ணீர்.
குப்பிக்கு எண் மட்டும்தான்.
எது எதென்று வேறொரு நாட்டில்
ஒரு கணினிக்குத் தெரியும்.

மேலே, தரைத்தளத்தில்,
சனாயாவிலிருந்து வந்த சோணைமுத்து.
வலப்பக்கம் செத்துக் கிடக்கிறது.
வாய் அசைகிறது, சொல் இல்லை.
எப்போது தொடங்கியது?
அறையில் எட்டுப் பேர், எட்டுக் கணக்கு.
பத்து மணிக்கு ஊறுகாய் கேட்டார் என்கிறார் நைனா முகமது.
தீபக் தாமாங் தலையாட்டுகிறான்,
எதற்கென்று தெரியவில்லை.
அஞ்சரை அலாரத்துக்கு எழவில்லை, அவ்வளவுதான்.
பத்து என்றால் கதவு மூடிவிட்டது.
கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு
நாலரை மணி நேரம்தான் வாசல்.

போனில் பஞ்சவர்ணம்.
நான் படிவம் வாசிக்கிறேன்:
ஊசியோடு சோதனை மருந்தும் தரலாம்,
அது மருந்தாகவும் இருக்கலாம்
உப்புத்தண்ணியாகவும் இருக்கலாம்,
எனக்கே தெரியாது.
"கடத்தண்ணியா?" என்கிறாள்.
இல்லைம்மா, சுத்தமான தண்ணி.
"அவருதான் காலையில பேசி அனுப்புனாரே."
எப்போ?
"அஞ்சு நாப்பத்திரண்டு."
உங்க மணியா, இங்க மணியா?
"எங்க மணிதான். எனக்கு வேற மணி ஏது?"

இரண்டரையைக் கழிக்கிறேன்.
விரலில் ஒருமுறை, தாளில் ஒருமுறை.
மூன்று பன்னிரண்டு.
இப்போது ஆறு ஐம்பது.

அவள் அனுப்பிய குரல், பத்தொன்பது நொடி:
ஏசி நின்னு போச்சு, தூக்கம் வரல,
மோட்டார்க்காரனுக்குக் காசு குடுத்துராத,
கொளாய் போட்டதே சரியில்ல,
புதங்கெளமை நான் பேசிக்கிறேன்.
மூன்று முறை கேட்கிறேன்.
கொளாய்.
நாக்கு குழறியதா?
அல்லது அவர் ஊர் நாக்கே அப்படியா?
என் அப்பா வீட்டிலும் கெளமைதான்.
டாக்டர் என் முகத்தைப் பார்க்கிறார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தது,
இப்போது நாற்பத்தொன்பது.

தெளிவாக இருக்கிறது என்றேன்.
அது அறிவியல் இல்லை.
ஸ்கேனும் மறுக்கவில்லை.
ஊசி ஏறியது. குப்பியும் ஏறியது,
எண் நூற்று ஏழு.

மூன்றாம் நாள் கண் தொடர்ந்து வருகிறது.
வலது சுண்டுவிரல் ஒருமுறை மடங்கியது,
அல்லது நான் அப்படி நினைத்தேன்.
தண்ணீரைக் காட்டினால், மோட்டார்.
சாவியைக் காட்டினால், மோட்டார்.
என்னைக் காட்டி, யார் இது என்றால்
வெகுநேரம் தேடிவிட்டுக்
கோபத்தோடு, மோட்டார்.
ரகரம் சுத்தமாக விழுகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பேச்சு: இரண்டு, என்று எழுதினேன்.

மருந்தா தண்ணியா என்று பஞ்சவர்ணம்
தினமும் கேட்கிறாள்.
தெரிய இரண்டு வருடம் ஆகும் என்றால்
"சரி, நாளைக்கிக் கேக்குறேன்."

கீழே ஆறு எலிகள்.
கையுறை மாட்டுகிறேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து
முதல் நொடியை எழுதுகிறேன்.